உள்வாயில் ஓர் ஓரம் விடுங்கள்
செஞ்சி வட்டார ஏரி ஆயக்கட்டுதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயக்கட்டுதாரர்களுக்கு,

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர் காலக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. அன்று முதல் ஊரில் கோட்டைப் பேச்சுதான். வண்டி நிறுத்த எங்கே இடம், புதிதாக எத்தனை ஓட்டல் வரும், திண்டிவனம் சாலையில் மனை என்ன விலைக்குப் போகும் என்று டீக்கடையில் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றி இல்லை, அதைச் சுற்றிக் கிடக்கிற உங்கள் ஏரிகளைப் பற்றி.

ராஜகிரி உச்சிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும். கீழே குன்றும் வயலும் ஏரியும் மாறி மாறிக் கிடக்கும். ஏறி வந்த களைப்பில் எல்லோரும் குன்றைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது அந்த ஏரிகளில் வந்து இறங்குகிற பறவைக் கூட்டம் மலை உச்சியிலிருந்து கண்ணில் படாது. அதற்குக் கரையில்தான் உட்கார வேண்டும். சிங்கவரம், மேலச்சேரி, சிறுகடம்பூர், இன்னும் தள்ளிப் போனால் பல்லவர் கோயிலின் அடியில் கிடக்கும் பனமலை என்று கரை கரையாக உட்காருகிறவன் நான். "கொக்குல இன்னா சார் இருக்குது?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இந்த மடலை மாவட்ட ஆட்சியருக்கோ வனத்துறைக்கோ எழுதியிருக்கலாம். எழுதாததற்குக் காரணம் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று தாளில் பிரித்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் வந்தன. ஆனால் மதகை எப்போது திறப்பது, வண்டலை எந்தப் பக்கம் எடுப்பது, மீன்பாசி குத்தகையை யாருக்கு விடுவது, கரை மரத்தை வெட்டலாமா என்பதெல்லாம் உண்மையில் கோயில் திண்ணையில், நீங்கள் நாலு பேர் கூடிப் பேசும்போதுதான் முடிவாகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் 10ஆம் நூற்றாண்டிலேயே 'ஏரி வாரியம்' என்று ஒன்று இருக்கிறது. அந்த வாரியத்தின் வாரிசுகள் நீங்கள்தான். அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். பறவைக்கு வேண்டியதும் நீங்கள் முடிவு செய்கிற ஒன்றுதான்: தண்ணீரின் ஆழம்.

ஏரியின் வடிவத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையோரம் ஆழம், உள்வாயில் போகப் போக மேடு. சாய்த்து வைத்த தாம்பாளம். தண்ணீர் ஏறினால் விளிம்பு விரியும், இறங்கினால் சுருங்கும். வயலுக்கு வேண்டிய தண்ணீர் கரைப்பக்கத்து ஆழத்தில் நிற்கிறது. பறவைக்கு வேண்டிய தண்ணீர் எதிர்ப்பக்கத்தில், அந்த விளிம்பில் இருக்கிறது. அதுதான் பறவைகளின் ஆயக்கட்டு.

தை மாதத்து வெயில் ஏறும் முன் கரையிலிருந்து உள்வாய் நோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் இது தெளிவாகப் புரியும். மதகுக்கு முன்னால் ஆளாழத் தண்ணீரில் முக்குளிப்பான் முங்கி முங்கி எழும். நீர்க்காகம் இரைதேடி மூழ்கும். பாம்புத்தாரா உடம்பு முழுதும் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு போல நீந்தி வரும். அல்லியும் தாமரையும் படர்ந்த இடத்தில் இலைக்கோழி இலை மேலேயே நடக்கும். அதன் விரல்கள் அத்தனை நீளம். கொஞ்சம் உள்ளே போனால் நாமக்கோழிக் கூட்டம், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு.

முழங்கால் ஆழத்தில் வாத்துகள் தொடங்கும். நம்மூரிலேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்து, ஐரோப்பா ஆசியாக் கண்டங்களின் வடபகுதியிலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து. இவை மூழ்கி இரை தேடுகிறவை அல்ல. தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கினால் அலகு எட்டுகிற ஆழம் வரைதான் இவற்றுக்குச் சோறு. அதற்கு மேல் ஆழமானால் அந்த ஏரி இவற்றுக்கு வெறும் ஓய்வு இடம். மேயப் போக வேறு இடம் பார்க்க வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டபடியே நடக்கும். மீன் தட்டுப்பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை என்பதால் கலங்கல் தண்ணீரும் அதற்குச் சரிதான். கரண்டிவாயன் அரிசி களைகிற மாதிரி அலகை இடமும் வலமும் வீசும். நத்தைக்குத்தி நாரைக்கு அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. வயல் நத்தையின் ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது.

கணுக்கால் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன், பச்சைக்காலி, பொரி உள்ளான். தண்ணீர் வடிந்த ஈரச் சேற்றில் உப்புக்கொத்தியும் வாலாட்டியும். அதற்கும் மேலே, காய்ந்த மேட்டில், ஆளைக் கண்டதும் ஊரைக் கூட்டுகிற செம்மூக்கு ஆள்காட்டி. இத்தனைக்கும் மேலே சேற்றுப் பருந்து தாழப் பறந்து வந்துவிட்டால் ஏரி முழுதும் ஒரே நேரத்தில் எழும்பும். எத்தனை பறவை இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த வரிசையில் ஆளாழத் தண்ணீரில் பிழைப்பவை சில இனங்கள் மட்டுமே. மற்ற எல்லாவற்றின் பிழைப்பும் முழங்காலுக்குக் கீழே. கோட்டைக்குள் இருக்கிற செட்டிக்குளத்தையும் சக்கரகுளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கட்டு கட்டிய, ஓரத்திலேயே ஆழமான, அழகான குளங்கள். கோட்டைக்குக் குடிநீர் தந்தவை. ஆனால் அங்கே ஒரு மீன்கொத்தியும் ஒரு மடையானும் கண்ணில் பட்டால் அதிகம். தண்ணீர் இருக்கிறது, விளிம்பு இல்லை.

இப்போது வண்டலுக்கு வருகிறேன். இந்த மடலின் மையமே அதுதான்.

2017இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியதிலிருந்து ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. எடுங்கள். மல்லாட்டைக் கொல்லைக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. பல்லாண்டுகளாகத் தூர்ந்துபோன ஏரியை மீட்கவும் வேறு வழி இல்லை. பறவை பார்க்கிறவன் தூர்வாராதே என்று சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் நடப்பது தூர்வாருதலா என்று பாருங்கள். டிப்பர் இறங்க வசதியான ஓர் இடத்தைப் பிடித்து, ஜேசிபி வைத்து அங்கேயே ஆளுயரம், இரண்டாளுயரம் தோண்டுகிறார்கள். சுவர் செங்குத்தாக நிற்கிறது. வண்டல் என்ற பேரில் அனுமதி. போவது மனை மேடாக்கும் சவுடு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அதில் ஒரு சொட்டும் மதகு வழியாக உங்கள் வயலுக்கு வரப்போவதில்லை. கொள்ளளவு கூடியது என்று தாளில் எழுதிக்கொள்ளலாம். கடைமடைக்காரருக்குக் கூடுதலாக ஒரு தண்ணீர்கூடக் கிடைக்காது. கிணறு ஊறுமே என்பீர்கள். கொஞ்சம் ஊறும். ஆனால் காலங்காலமாக அடியில் படிந்து இறுகிய களியை வகைதொகை இல்லாமல் கிழித்தால், நவரைப் பயிருக்கு நிற்க வேண்டிய தண்ணீர் முன்னதாகவே தரைக்குள் போய்விடும். கிணறு இருப்பவருக்கு லாபம், ஏரித் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவருக்கு நட்டம். இதில் பறவை எங்கே வருகிறது? இது உங்களுக்குள்ளேயே இருக்கிற நியாயம்.

அந்தப் பள்ளங்களில் குளிக்கப்போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி தமிழ்நாட்டில் எங்காவது ஓர் ஊரிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. அதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கரைப்பக்கம், கரையின் அடிவாரத்தை விட்டுத் தள்ளி, மதகின் அடிமட்டம் வரை, பரவலாகவும் சரிவாகவும் எடுங்கள். உள்வாயில், வரத்துக்கால் வந்து சேர்கிற பக்கத்து மேட்டில், ஒரு பகுதியை மண்வெட்டியே படாமல் விட்டுவிடுங்கள். அந்த மேட்டைத் தோண்டினாலும் உங்கள் பாசனத்துக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. தோண்டாவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க வாரத்துக்கு ஒரு புது விளிம்பு பறவைக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். அங்கே மண் எடுக்கும்போது கோடையில் இன்னொன்றும் போய்விடுகிறது. ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. காய்ந்த ஏரித் தரையில் கூழாங்கற்களோடு கூழாங்கல்லாக நான்கு முட்டை இட்டுவிட்டு வெயிலில் அடைகாக்கும். ஜேசிபி ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஏரியும் பறவையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. திண்டிவனம் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால் வேடந்தாங்கல். அது அரசாங்கம் உருவாக்கிய சரணாலயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு சாதாரணப் பாசன ஏரி. பரப்பு 30 ஹெக்டேர்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இனி அங்கே யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று கலெக்டர் 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அரசு சரணாலயமாக அறிவித்தது 1936இல். ஊர் தன் ஏரியைக் காக்கத் தொடங்கிய பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்திருந்தது.

இந்த பிளேஸ் துரைதான் மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையிலும் வருகிறார். அடைமழையில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று இரவில் பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இருவர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாகக் கதை. அந்தக் கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. ஒரே கலெக்டர், ஓர் ஏரிக்குக் காவல் ராமர், இன்னோர் ஏரிக்குக் காவல் ஊர்க்காரர்கள். இரண்டாவது காவல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை கலைந்துவிடும் என்று ஊரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. குழந்தைகள் இருக்கிற ஊரில் அது லேசான காரியம் இல்லை.

2025 தொடக்கக் கணக்கில் தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ் உலக மதிப்புப் பெற்ற இடங்கள் அவை. இந்தியாவிலேயே வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பட்டியலைப் படித்துப் பாருங்கள்: வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தங்குளம், கரைவெட்டி, வடுவூர், நஞ்சராயன் குளம். பாதிக்கு மேல் மனிதர் வெட்டிய பாசன ஏரிகள், குளங்கள். விவசாயி பயிருக்காக வெட்டினார், பறவை தானாக வந்தது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மரக்காணம் பக்கத்துக் கழுவேலி 2021 டிசம்பரில் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட உவர்நீர்ப் பரப்பு அது.

சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு வருகிற பயம் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பறவை என்பார்கள், நாளைக்கு வண்டல் எடுக்காதே, மாடு ஓட்டாதே, மீன் பிடிக்காதே என்பார்கள், கடைசியில் வேலி போடுவார்கள். இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதனால்தான் செஞ்சி ஏரி எதையும் சரணாலயமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சரணாலயங்களில் கூடு கட்டுகிற நாரைகளும் கொக்குகளும் அங்கேயே தின்று பிழைப்பதும் இல்லை. 30 ஹெக்டேர் ஏரி ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் எப்படிச் சோறு போடும்? சுற்றுவட்டாரத்தில் பெயர் இல்லாத, பலகை இல்லாத ஏரிகளும் நெல் வயல்களும்தான் போடுகின்றன. தமிழ்நாடு முழுதும் 39,000 ஏரி குளங்கள் என்பார்கள். அவை கைவிட்டால் 20 ராம்சார் தலங்களால் பறவையைக் காப்பாற்ற முடியாது. உங்கள் ஏரி எந்தப் பட்டியலிலும் இல்லாமல், பாசன ஏரியாகவே இருக்கட்டும். விளிம்பு மட்டும் இருக்கட்டும்.

பறவையால் உங்களுக்கு நட்டமே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. நீலத் தாழைக்கோழி நெல்லுக்குள் இறங்கினால் மிதித்தும் கடித்தும் போடும். சீழ்க்கைச் சிறகி இரவில் நாற்றங்காலில் இறங்கும். கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. வரப்பைத் துளைக்கிற நண்டையும், நாற்றைக் கடிக்கிற நத்தையையும் மடையானும் நத்தைக்குத்தியும் கூலி கேட்காமல் பொறுக்குகின்றன. ஏர் பூட்டிய காலத்தில் மாட்டின் பின்னால் நடந்த உண்ணிக்கொக்கு இப்போது டிராக்டருக்குப் பின்னால் நடக்கிறது, புழுவும் வெட்டுக்கிளியும் தின்னத்தான். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியது நீங்கள். தயவுசெய்து குருணை மருந்தை நெல்லில் கலந்து வைக்காதீர்கள். அது தாழைக்கோழியோடு நிற்காது. நாய், மாடு, குடிதண்ணீர் என்று போகும்.

மீன்பாசி குத்தகை எடுத்தவரின் நியாயம் இதைவிடச் சிக்கலானது. அவர் பணம் கட்டியிருக்கிறார். குஞ்சு விட்ட மறுவாரம் நீர்க்காகக் கூட்டம் வந்து இறங்கினால் அவருக்கு வயிறு எரியாதா? ஆனால் அவர் வெடி போடும்போது என்ன நடக்கிறது என்று நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். நீர்க்காகம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து விடுகிறது. மீனைத் தொடாத வாத்தும் உள்ளானும்தான் ஏரியைவிட்டே போகின்றன. வெடிக்குச் செலவழிப்பதைவிட, விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சாக வாங்கி விடுவதும், தொடக்க வாரங்களில் ஒரு மூலையில் வலை கட்டி வளர்த்துப் பிறகு திறந்துவிடுவதும் பலன் தரும். குத்தகை முடிகிற சமயத்தில் மீனைப் பிடிப்பதற்காக மதகைத் திறந்து ஏரியை ஒட்ட வடித்துவிடுகிற வழக்கத்தை நீங்களே தடுக்க வேண்டும். அது பயிரின் தண்ணீர். அறுந்த தங்கூசி வலையைத் தண்ணீரிலேயே விட்டுப் போகக்கூடாது என்று குத்தகைச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். முக்குளிப்பான் அதில் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும்.

கொக்கும் மடையானும் பிடித்துச் சாலையோரம் விற்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வாங்குகிறவர் இல்லாவிட்டால் பிடிக்கிறவரும் இல்லை. இதை நீட்ட விரும்பவில்லை.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏரி உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் நட்டார்கள். விறகுக்கும் ஊராட்சி வருமானத்துக்கும் நட்டது, தண்ணீர் நடுவே நின்றபடியால் கொக்குக்கும் நாரைக்கும் நல்ல கூட்டுமரமாகிப் போனது. நாய் வராது, கீரி வராது, கீழேயே மீன். ஏலம் விட்டு வெட்டும்போது ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடுகிறார்கள். வெட்டுங்கள், ஆனால் தண்ணீரில் நிற்கிற தோப்பில் ஒரு பகுதியை அடுத்த ஏலத்துக்கென்று நிறுத்திவிட்டு வெட்டுங்கள். மரத்தில் குஞ்சு இருக்கிற காலத்தில் ஏலத்தைத் தள்ளி வையுங்கள். சீமைக் கருவேலத்தை எடுப்பது சரியே. அதையும் நாட்டு மரம் வளரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் விவேகம், ஏனென்றால் வேறு மரம் இல்லாத ஏரியில் கொக்கு அதில்தான் கட்டுகிறது.

இன்னொரு ஆபத்து கோட்டை வழியாக வரலாம். உலகப் பட்டியலில் ஏறிய ஊருக்குப் பணம் வரும். பணம் வந்தால் ஏரியை அழகுபடுத்துகிறேன் என்று யாராவது வருவார்கள். சுற்றிலும் கருங்கல் பதித்த கரை, நடைபாதை, வண்ண விளக்கு, நடுவில் செயற்கைத் தீவு, மிதிபடகு. தமிழ்நாட்டின் பல நகரங்களில் ஏரிகளுக்கு இப்படி நடந்தாயிற்று. கல் பதித்த சரிவில் உப்புக்கொத்திக்கு ஒரு புழு கிடைக்காது. இரவெல்லாம் விளக்கு எரிகிற ஏரியில் வாத்து மேயாது. அத்தகைய திட்டம் உங்கள் ஏரிக்கு வந்தால் கரையைப் பலப்படுத்தவும் மதகைப் பழுதுபார்க்கவும் வரத்துக்காலை மீட்கவும் அந்தப் பணத்தைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

எங்களைப் போன்றவர்களையும் விட்டுவிட வேண்டாம். பறவை பார்க்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு சிலர் கூட்டுக்குக் கீழே போய்ப் படமெடுக்கிறார்கள், ஏரி மேல் டிரோன் விடுகிறார்கள், பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிந்து எழுப்புகிறவர்களும் உண்டு. உங்கள் கரையில் அப்படி யாரையாவது பார்த்தால் தாராளமாக விரட்டுங்கள். நல்ல பறவைப் பார்வையாளர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அதிகம் அசைய மாட்டார். அதுதான் அடையாளம்.

நம் ஏரிகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் தண்ணீர் அவற்றைக் கோத்துக்கொண்டுதான் போகிறது. ஓர் ஏரி கோடி போனால் அடுத்த ஏரிக்கு வரத்து. மிச்சமெல்லாம் இந்தக் குன்றுகளில் பிறக்கிற சங்கராபரணியில் சேர்ந்து, வீடூர் அணைக்குப் போகிறது. 1959இல் கட்டி முடித்த, 32 அடி உயர அணை. அதற்குக் கீழே சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக அதே ஆற்றுத் தண்ணீர் ஊசுட்டேரியை நிரப்புகிறது. ஊசுட்டேரி பாதி தமிழ்நாட்டிலும் பாதி புதுச்சேரியிலும் கிடக்கிறது. இரண்டு அரசுகளும் தங்கள் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கின்றன. செஞ்சியில் நீங்கள் விட்ட தண்ணீரில்தான் புதுச்சேரியில் நாரை நிற்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழையைக் கொட்டியபோது இந்தக் கோவை எத்தனை நெருக்கமானது என்பதைப் பயந்துகொண்டே பார்த்தோம். வெள்ளத்தைத் தாங்குவதற்கும் தூர்ந்த வரத்துக்காலையும் அடைத்த கலங்கலையும் சரிசெய்வதுதான் வழி. உள்வாயில் கிணறு போலப் பள்ளம் பறிப்பது இல்லை.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டுத் தோட்டமோ ஏரிக்கரையோ, பதினைந்து நிமிடம் நின்று கண்டதை எண்ணி எழுதினால் போதும். பட்டம் தேவையில்லை. மாடு மேய்க்கிறவருக்கும் நீர்க்கட்டிக்கும் தெரிகிற அளவு எங்களுக்கு ஏரி தெரியாது. எந்த மாதம் எந்தப் பறவை எந்த மூலையில் இறங்கும் என்று அவர்களைக் கேட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த அறிவு எழுத்தில் இல்லாததால் ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும்போது அதைக் காட்ட வழியில்லை. ஒவ்வோர் ஏரிக்கும் பொங்கல்தோறும் ஒரு பக்கக் கணக்கு இருந்தால், ஐந்தாறு ஆண்டுகளில் அது ஓர் ஆவணமாகிவிடும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே எழுதட்டும். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் ஒரு காலைப்பொழுதில் அவர்களுக்கு வந்துவிடும்.

வண்டலுக்கான பேச்சு கோடையில் தொடங்கும். அதற்கு முன்னால் வருகிற காணும் பொங்கலன்று பிள்ளைகளோடு உங்கள் ஏரிக்கரைக்கு வாருங்கள். பைனாகுலர் நான் கொண்டுவருகிறேன். எந்தப் பறவை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பார்த்த பிறகு, சங்கத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்வாயில் இன்ன கல் முதல் இன்ன கல் வரை மண் எடுப்பதில்லை, மற்ற இடத்திலும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எடுப்பதில்லை. எந்தத் துறையின் அனுமதியும் இதற்குத் தேவையில்லை. உங்கள் கையெழுத்துப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கரைகளில் உட்காருகிற செஞ்சிக்காரன்